அம்மன் காசும் என் வாஷிங் மெஷினும்

என் வீட்டுக்காரர் சிவஞானம் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். அவர் பதுளையில் ஒரு மருந்துக் கடையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறார். டொக்டர்மார் கிறுக்கித் தருவதையெல்லாம் தடங்கலில்லாமல் வாசித்துவிடுவார். தனக்கு வங்கியிலிருந்து வருகிற கடிதத்தை மட்டும் வாசிக்க மாட்டார். உறையைக்கூடக் கிழிக்காமல் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நினைப்பு. இந்த வருடம் அம்மன் பார்த்துக்கொண்டாள், நன்றாகவே பார்த்துக்கொண்டாள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நமுனுகுலப் பக்கம். கீழ்ப்பிரிவில் நூற்று இருபத்திரண்டு குடும்பம். ஆடி மாதம் முத்துமாரியம்மனுக்குத் திருவிழா. குடும்பத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரி என்று கோயில் கூட்டத்தில் முடிவானது. அதைச் சம்பள நாளில் வாங்கி, செலவழித்து, திருவிழா முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் கணக்குச் சொல்வது பொருளாளரின் வேலை. பெருமைக்குரிய வேலைதான், ஆனால் அதைச் செய்தவர் யாரும் இரண்டாவது வருடம் செய்ததில்லை.

போன வருடம் பொருளாளராக இருந்தவர் வேலாயி அக்கா. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு. கொழுந்து எடுக்கிறவர், கெட்டிக்காரி, மேடையேறிப் பேசத் தெரியாதவர். பிஸ்கட் டின்னில் காசை வைத்துச் செலவழித்தார். கணக்குச் சொன்ன அன்று ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் குறைந்தது. “மேளக்காரங்களுக்கு அது இதுன்னு வாங்கிக் குடுத்தேன், பில்லு இல்ல,” என்றார். எல்லாரும் பேசாமல்தான் இருந்தார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. “பில்லு இல்லன்னா காசு எங்க போச்சு? அம்மன் வந்து சாட்சி சொல்லுமா?” என்று எழுந்து நின்று கேட்டேன். ஏப்பம் விட்டுவிட்டார் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வேலாயி அக்கா அடுத்த நாள் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதைக் கொண்டுவந்து கோயில் உண்டியலில் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் லயத்துத் தண்ணிப் பீலிக்கு அவர் வருவதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு மேல் லயத்துப் பீலிக்கு ஏறிப்போவார். என் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பதற்காக ஐம்பது படி.

இந்த வருடம் பொருளாளர் யார் என்ற பேச்சு வந்தபோது அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மென்று விழுங்கிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் சும்மா உட்கார்ந்திருக்கலாம். “இந்த வருசம் பில்லு இல்லங்கிற பேச்சே இருக்காது. எல்லாக் காசையும் என்னோட கார்டுல போட்டு, கார்டாலயே செலவழிப்பேன். எதுக்கு எவ்வளவு போச்சுன்னு பேங்க்கே அச்சடிச்சுத் தரும். அந்தப் பேப்பர அப்படியே கோயில் பலகையில ஒட்டுவேன்,” என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் சத்தமாகவே.

ஒரு இலட்சத்து எண்பத்து மூவாயிரம் ரூபாய். ஜூலை மாதச் சம்பளத்துக்கு மறுநாளே பதுளைக்குக் கொண்டுபோய், தன் கடனட்டைக்குக் கட்டிவிட்டு வந்தார். வங்கிக் கணக்கில் அல்ல, கடனட்டையில். வந்து தேத்தண்ணி குடித்தபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை, மேளக்காரருக்கு முற்பணம் கொடுக்கப் பசறைக்குப் போனார். மேளக்காரர் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குங்க. காசு எங்க?” என்று கேட்டிருக்கிறார். பூக்கட்டுகிறவரிடமும் அதே கதை. பதுளையிலிருந்து வரவேண்டிய ஐயரிடம் கேட்கவே என் வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை. கரகம் ஜோடிக்கிறவரும், வாழைக்குலைக்காரரும், தேருக்குச் சீலை கட்டுகிறவரும் அட்டை தேய்க்கும் இயந்திரம் வைத்திருப்பார்களா என்று நூற்று இருபத்திரண்டு குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சரி, மீதியை என்ன செய்வது என்று வங்கி இயந்திரத்தில் அட்டையைப் போட்டுப் பார்த்தால், இருக்கவேண்டியதில் அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம் குறைவாகக் காட்டியிருக்கிறது. பேயறைந்தவர் போல வீட்டுக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்தார்.

“தனம், காச யாரோ எடுத்துட்டாங்க,” என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பேங்க்காரர்கள் அம்மன் காசிலேயே கைவைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்பவள். திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசவேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். முடக்குக்கு முடக்கு பஸ் திரும்ப, என் பேச்சும் சூடு ஏறிக்கொண்டே போனது.

வங்கியில் கடனட்டைப் பகுதியில் இருந்தவர் பிரசாந்தினி என்ற இளம்பெண். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பேச்சிலேயே தெரிந்தது. நான் ஒத்திகை பார்த்ததில் பாதியைக் கொட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“அக்கா, ஒருதரும் களவெடுக்கேல்லை. கார்ட்டுக்குக் காசு கட்டினால் கார்ட் முதல்ல தன்ர கடனை எடுத்துக்கொள்ளும். அதுக்குப் பிறகு மிஞ்சிறதுதான் உங்கட காசு.”

“என்னா கடன்?” என்றேன்.

“ஏப்ரல் மாசம் ஒரு வோஷிங் மெஷின் வாங்கியிருக்கிறியள். அறுபத்தெட்டாயிரம்.”

அந்த மெஷின் சித்திரை வருடப்பிறப்புக்கு அவர் எனக்கு வாங்கித் தந்தது. குளிர்காலத்தில் பீலித் தண்ணியில் கம்பளி துவைத்து என் விரல் மரத்துப்போகிறது என்று நான்தான் மூன்று வருடம் நச்சரித்தேன்.

“அத மாசா மாசம் கட்டிக்கிட்டுத்தானே வர்றேன் மிஸ்,” என்றார் அவர். “பில்லுல போட்டிருக்கிற காச ஒரு மாசம்கூடத் தவறாம கட்டியிருக்கேன்.”

“நீங்கள் கட்டினது ஆகக் குறைஞ்ச தொகை அண்ணா. அது தவணை இல்லை. பாதி வட்டிக்கே போயிடும். வட்டியில்லாத பன்னிரண்டு மாசத் தவணைக்கு மாத்துறதெண்டால் வாங்கின கையோட படிவம் ஒண்டு நிரப்பித் தந்திருக்கோணும். உங்களுக்குத் தபாலில அனுப்பியிருக்கிறம்.”

அந்தப் படிவம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாமிப் படத்துக்குப் பின்னால்.

என் வீட்டுக்காரரைக் குறைசொல்லி என்ன பயன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் வரக்கூடிய பிழைதான் இது. தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் தருவார்கள். அதைப் பத்து மாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். ஒரு மாதம் கொழுந்து அதிகமாகி சம்பளம் கூடிவந்தாலும் அந்த மாதத்துக்கு உரியதை மட்டும்தான் வெட்டுவார்கள், மொத்தத்தையும் ஒரேயடியாக எடுக்க மாட்டார்கள். கடன் என்றால் அப்படித்தான் என்று அவர் அப்பா காலத்திலிருந்து பழக்கம். வங்கியும் அதேமாதிரி மூவாயிரத்துச் சொச்சம் வெட்டிக்கொண்டு மிச்சத்தைத் தொடாமல் வைத்திருக்கும் என்று நம்பிவிட்டார்.

ஆக, அம்மன் காசில் அறுபத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய் என் மெஷினுக்குப் போய்விட்டது. அட்டையில் மிஞ்சியிருப்பது ஒரு இலட்சத்து இருபதினாயிரத்து அறுநூற்று ஐம்பது. வெள்ளிக்கிழமை திருவிழா. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதுக்கு நான் போட்ட கூச்சலை நினைத்துப் பார்த்தேன். ‘தனம் வீட்டு மெஷின அம்மன் வாங்கிக் குடுத்துச்சு’ என்று லயம் முழுக்கப் பேசுவது காதில் கேட்டது. பேசட்டும், எனக்குக் கிடைக்கவேண்டியதுதான். ஆனால் அந்த மனுஷன் பதினோரு வருடம் மருந்துக் கடையில் பத்து ரூபாய் பிசகாமல் வேலை செய்தவர். அவர் பெயர் கெட்டால் நான் எந்த முகத்தோடு அவருக்குச் சோறு போடுவேன்?

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரசாந்தினி மேசையைச் சுற்றி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அழாதேங்கோ அக்கா. மிஞ்சின காசை அண்ணாட சேமிப்புக் கணக்குக்கு மாத்தலாம். ஒரு கடிதம் தந்தால் போதும். வியாழக்கிழமைக்கிடையில வந்துசேரும். ஏ.டி.எம்மில எடுக்காதேங்கோ, ஒவ்வொரு தரமும் கட்டணம் வெட்டும்.”

“மத்த அறுபதாயிரம்?”

“அது கடனுக்குப் போனது போனதுதான். ஆனால் ஒண்டு இருக்கு. இப்ப உங்கட கார்ட்டில கடன் ஒரு சதமும் இல்லை. இலட்சம் வரைக்கும் திரும்பப் பாவிக்கலாம்.”

கோபக்காரிக்கு மூளை மெதுவாக வேலை செய்யும் என்பார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு வேகமாகத்தான் வேலை செய்தது.

“அப்ப திருவிழாச் செலவுல ஒன்ன கார்டால கட்டிட்டா, மெஷினுக் கடன் திரும்பவும் கார்டுக்கே போயிரும். அம்மன் காசு அம்மனுக்கு வந்துரும். அப்படித்தானே?”

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டார். “ஓம் அக்கா, அதேதான். கார்ட் மெஷின் வச்சிருக்கிற ஆரையாவது பிடியுங்கோ. ஆனால் கவனம். மிஞ்சின காசு கணக்குக்குப் போய்ச்சேருமட்டும் கார்ட்டைத் தொடாதேங்கோ. அதுக்கு முதல் தேய்ச்சால் அந்தக் காசிலதான் கழியும், பிறகு மாத்துறதுக்கு ஒண்டும் மிஞ்சாது. தேய்ச்ச பிறகு பத்து நாளுக்குள்ள தவணைப் படிவத்தைத் தாங்கோ. இந்த முறை நீங்களே கொண்டுவாங்கோ.”

கடைசி வரியை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கடிதத்தில் என் வீட்டுக்காரர் வைத்த கையெழுத்து, அட்டை எடுக்கும்போது வைத்த கையெழுத்தோடு பொருந்தவில்லை. மூன்று முறை வைத்தும் சரிவரவில்லை. “டொக்டர் கிறுக்குற மாதிரி கிறுக்குங்க, சரியா வரும்,” என்றேன். நான்காவது முறை பொருந்தியது.

அங்கிருந்து கடை கடையாகப் போனோம். பதுளை பஜாரில் பூக்காரர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். தேங்காய்க் கடைக்காரர் அட்டை என்றதும் அடுத்தவருக்கு நிறுக்கத் தொடங்கிவிட்டார். கடைசியில் பசறையில் இத்ரூஸ் நானாவின் கடைக்குப் போனோம். மின்சாரச் சாமான் கடை. கோயில் திருவிழாவுக்கெல்லாம் லைட், ஸ்பீக்கர், ஜெனரேட்டர், ஆட்கள் உட்காரக் கதிரை எல்லாம் வாடகைக்கு விடுபவர். எங்களுக்கு இரண்டு நாளைக்கு ஐம்பத்தெட்டாயிரம் பேசியிருந்தார்.

“கார்ட் மெஷினா? இரிக்கி தங்கச்சி,” என்று லாச்சியை இழுத்து, பழைய வயர்களுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து ஊதினார். தூசி என் வீட்டுக்காரர் முகத்தில் போய் விழுந்தது. “பேங்க்காரன் வந்து குடுத்துட்டுப் போனான். ரெண்டு வருஷமா சும்மா கெடக்கு. ஆனா கார்டுன்னா நூத்துக்கு மூனு கூடத் தரணும்.”

“அம்பது கதிரை சும்மா தருவீங்கன்னா தாறேன்,” என்றேன்.

“நாப்பது.”

“அம்பது. ஒங்க ஸ்பீக்கர் போன வருசம் பாதிப் பாட்டுல நின்னுச்சு நானா, நான் யாருகிட்டயும் சொல்லல.”

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “இவங்கள நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?” என்று கேட்டார். ஐம்பது கதிரைக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. வேறொரு தோட்டத்தில் லைட் போட்டுக் காசு வராமல் அவர் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் வியாழக்கிழமை லொறி வந்ததும் முதலில் காசு, பிறகுதான் சாமான் இறக்குவார்.

வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு லொறி வந்துவிட்டது. வங்கியிலிருந்து செய்தி வரவில்லை. எங்கள் தோட்டத்தில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான், கோயிலுக்கு மேலே இருக்கிற முடக்கு. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளோடு பேசுவதற்கு எல்லாரும் அங்கேதான் ஏறுவார்கள். லொறியையும் அங்கேயே நிறுத்தினோம். என் வீட்டுக்காரர் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி ரோட்டோரக் கல்லில் ஏறி நின்றார். இத்ரூஸ் நானா தேய்க்கிற இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்தபடி லொறியின் மிதிபலகையில் நின்றார். அதற்கும் சிக்னல் வேண்டுமாம். நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் கூடத் தொடங்கினார்கள்.

“என்னா, மழைக்கு வேண்டுறாங்களா?” என்று யாரோ கேட்டது எனக்குக் கேட்டது.

மூன்றரை ஆனது. இத்ரூஸ் நானா கடிகாரத்தைப் பார்த்தார். “தங்கச்சி, இருட்ட முந்தி கம்பம் நடணும். இல்லாட்டி நாளைக்கு லைட் எரியாது. காசு இல்லாட்டி நான் போறேன்.”

“இன்னும் கொஞ்ச நேரம் நானா,” என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சி அந்தத் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

அந்த நேரம் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் மேலே ஏறி வந்தார்கள். அதில் வேலாயி அக்காவும் இருந்தார். வெறுங் கூடையோடு வந்து லொறிக்குப் பக்கத்தில் நின்றார்.

“என்னா தம்பி, லொறி நிக்கிது, லைட்டு எறங்கலையே?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

“காசு வர்ற மெசேஜ் இன்னும் வரலக்கா,” என்றார் அவர் கல்லில் நின்றபடியே.

வேலாயி அக்கா இத்ரூஸ் நானாவிடம் திரும்பினார். “எறக்குங்க நானா. சிவஞானம் அம்மன் காசுல ஒரு ரூவா தொடுற ஆளு இல்ல. வரலன்னா நான் பொறுப்பு.”

இத்ரூஸ் நானா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு லொறிப் பையன்களுக்குக் கையைக் காட்டினார். அவர்கள் முதல் கம்பத்தை இறக்கினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. எவரை நான் நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்தினேனோ, அவர் என் புருஷனுக்காக ஊருக்கு முன்னால் பொறுப்பேற்றுவிட்டுக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு போனார்.

ஐந்தாவது கம்பம் இறங்கும்போது போன் கூவியது. ஒரு இலட்சத்து இருபதினாயிரத்து அறுநூற்று ஐம்பது, சேமிப்புக் கணக்குக்கு. என் வீட்டுக்காரர் கல்லிலிருந்து குதித்தார். இத்ரூஸ் நானா அட்டையைத் தேய்த்தார், சிக்னல் விழவில்லை. மிதிபலகையிலிருந்து லொறிக் கூரைக்கு ஏறித் தேய்த்தார், விழுந்தது. துண்டுச்சீட்டு கரகரவென்று வெளியே வந்தபோது கூட்டம் கைதட்டியது. எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. கூரைமேல் ஒரு முதலாளி நின்று சீட்டுக் கிழித்தால் கைதட்டத்தானே தோன்றும். மூன்று வீதத்தை நான் கையில் கொடுத்தேன். அம்மன் காசில் இன்னும் குறைந்திருந்த நாலாயிரத்து முந்நூற்று ஐம்பதையும் என் சம்பளத்திலிருந்து எடுத்துக் கோயில் பையில் வைத்தேன். இனி அம்மனுக்கு நாங்கள் ஒரு சதமும் பாக்கியில்லை.

என் வீட்டுக்காரர் கடைசி பஸ்ஸுக்குள் பசறைக்கு ஓடி, கணக்கிலிருந்து காசை எடுத்து வந்துவிட்டார். மேளக்காரருக்கும் மற்றவர்களுக்கும் கைமேல் காசு.

திருவிழா நன்றாக நடந்தது. கரகம் பாலித்து அம்மனை அழைத்து வந்தார்கள், தேர் நாலு லயத்தையும் சுற்றி வந்தது. ஸ்பீக்கர் ஒரு பாட்டிலும் நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் மேளக்காரர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் எல்லாரும் தேர் வேலையில். நான் கோயில் பையிலிருந்து காசை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பாணும் சம்பலும் வாழைப்பழமும் வாங்கி வந்து கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் உறைத்தது. ஆயிரத்து அறுநூறு ரூபாய், பில் இல்லை. மேளக்காரர்களுக்கு அது இது என்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு கணக்குக் கூட்டம். சொன்னபடியே என் வீட்டுக்காரர் வங்கிப் பேப்பரைக் கோயில் பலகையில் ஒட்டினார். “ஒட்டாட்டி என்ன, கையால எழுதின கணக்கே சரியாத்தானே இருக்கு,” என்று நான் காலையில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். “ஒட்டுறேன்னு சொன்னேன்ல,” என்றார். பேசாதவர்களிடம் இதுதான் தொல்லை, சொன்னது ஒன்றிரண்டுதான் என்பதால் எதையும் மறக்க மாட்டார்கள்.

வரவும் செலவும் ஒத்துப்போயின. ஏ.எல். வரை படித்த பிள்ளைகள் இரண்டு பேர் பேப்பரை வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். கட்டியது அவ்வளவு, கணக்குக்குப் போனது இவ்வளவு என்று போட்டிருந்தது. நடுவில் அறுபத்திரண்டாயிரம் எங்கே போய் எப்படித் திரும்பி வந்தது என்று கூட்டிக் கழிக்க யாருக்குப் பொறுமை? தலைவர் கூட்டத்தை முடிக்க எழுந்தார். பேசாமல் இருந்திருந்தால் அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். என் வீட்டுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. நான் எழுந்தேன்.

“ஒரு நிமிசம். அந்தப் பேப்பர்ல ஒரு விசயம் இருக்கு. அம்மன் காசு அறுபத்திரண்டாயிரம் பத்து நாளைக்கு மேல எங்க வீட்டு மெஷினுக் கடனுக்குள்ள இருந்துச்சு. தெரியாம போச்சு. அத இத்ரூஸ் நானாவுக்குக் கார்டால கட்டி, மிச்சத்த எங்க கையால போட்டு சரிபண்ணிட்டோம். இனிமே அது எங்க கடன். பன்னெண்டு மாசத் தவணைக்கு எழுதிக் குடுத்தாச்சு. இன்னொன்னு. மேளக்காரங்களுக்குப் பாணு வாங்கின ஆயிரத்தி அறுநூறுக்கு எங்கிட்ட பில்லு இல்ல.”

நான் பெண்கள் பக்கம் திரும்பினேன். அவர் கடைசியில், தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

“வேலாயி அக்கா, போன வருசம் நான் பேசினது பிழை. வேணும்னே நாலு பேருக்கு முன்னால பேசினேன். அதனால நாலு பேருக்கு முன்னாலயே கேக்குறேன், என்னைய மன்னிச்சிருங்க.”

வேலாயி அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஒனக்காவது மெசினு மிஞ்சிச்சு, தனம்,” என்றார் மெதுவாக. “எனக்கு அந்த ஆயிரத்தி எண்ணூத்தம்பதுக்கு ஒரு வருசமா முழங்கால் வலிதான் மிஞ்சிச்சு. அந்த மேல் பீலிப் படி இருக்கே, ஏறிப் பாரு தெரியும்.”

முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு கோயிலே சிரித்தது. உண்டியலில் போட்ட வேலாயி அக்காவின் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் கைதூக்கினார்கள். “அம்மனுக்குப் போட்டத நான் திருப்பி வாங்க மாட்டேன். தனம் வீட்டு மெசினுல கழிச்சுக்கிறேன்,” என்றார் அவர். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. என் வீட்டுக்காரர் பலகைக்குப் பக்கத்தில் நின்று, பேப்பரின் ஓரம் பிய்ந்துவராமல் விரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

மறு ஞாயிறு காலை பத்து மணிக்கு வேலாயி அக்கா இரண்டு கம்பளியைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு. நான் கம்பளிகளை வாங்கி மெஷினில் போட்டேன். அது உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அவர் அதற்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நுரை பொங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது முடிய எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டார்.

“முக்கா மணித்தியாலம் ஆகும்க்கா.”

“அது பத்தாதே,” என்றார். “ஒரு வருசக் கதையில்ல இருக்கு.”

நான் அடுப்பில் கேத்திலை வைத்தேன்.